கை நனைத்த ஆறு பேர்

என் கல்யாணத்துக்கு நான் சம்மதம் சொல்லவில்லை. சொன்னது என் வலது கை. அதுவும் என்னைக் கேட்காமல்.

போன மாதம் என் மகள் போனில் எதையோ படித்துவிட்டு ஓடி வந்தாள். "நைனா, இத கேளேன். நாலு பேரு சேந்து ஒரு வேல செஞ்சா, அவுங்க மூளையெல்லாம் ஒரே தாளத்துல ஓடுமாம். செய்யாம கம்முனு நிறுத்திக்கினாலும் ஒண்ணாத்தான் நிறுத்துமாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன். மூளை என்றால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய சமாச்சாரம், மிளகு போட்டு வறுத்தால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான் தெரியும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு வாழைக்காய் பஜ்ஜி எடுத்த பாடம் இன்றைக்கும் என் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் முள்ளுக்காட்டை வெட்டிக் கம்பெனிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மிஷின்கள் லாரியில் வந்து வாசலில் இறங்கும். வாசலிலிருந்து ஷெட்டுக்குள் கொண்டுபோவது யார்? கிரேன் எல்லாம் அப்போது பெரிய மனிதர்கள் சமாச்சாரம். எங்களை மாதிரி ஆட்கள்தான். ஒரு வடம், நாலு கடப்பாரை, அடியில் உருட்டிவிட இரும்புக் குழாய்கள், ஆறு ஆள். இந்த வேலைக்குக் கலாசி வேலை என்று பேர். யானை கனத்துக்கு ஒரு மிஷினை எலி நகர்கிற மாதிரி நகர்த்துவோம்.

எங்கள் ஆறு பேருக்கும் குரல் கொடுக்கிறவர் கோதண்டம் மேஸ்திரி. ஆள் பார்க்க ஒல்லி. குரல் மட்டும் பாசஞ்சர் ரயில் இஞ்சின். "தம் கட்டு" என்பார். ஆறு பேரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வோம். "ஐலசா!" என்பார். ஆறு பேரும் ஒன்றாக இழுப்போம். "புடி" என்றால் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். "எறக்கு" என்றால் மெதுவாக விட வேண்டும். இந்த நாலு சொல்தான் எங்கள் படிப்பு.

இதில் எது கஷ்டம் என்று நினைக்கிறீர்கள்? இழுப்பது இல்லை. "தம் கட்டு"க்கும் "ஐலசா"வுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறதே, அதுதான் கஷ்டம். மேஸ்திரிக்கு மூக்குப்பொடிப் பழக்கம். "தம் கட்டு" என்று சொல்லிவிட்டு நிதானமாகப் பொடி டப்பியைத் திறப்பார். ஒரு சிட்டிகை எடுப்பார். இந்த மூக்கு, அந்த மூக்கு. அதுவரைக்கும் நாங்கள் ஆறு பேரும் கண்ணு பிதுங்க நிற்க வேண்டும். ஒருத்தன் முந்தி இழுத்தால் போதும், கடப்பாரை நழுவி யார் காலிலாவது விழும். (எங்கள் ஆறு பேரில் ஒருத்தன் முனுசாமி, அவன் கட்டைவிரல் நகம் அப்படிப் போனதுதான். முந்தி இழுத்தவனும் முனுசாமிதான்.)

"இழுக்கறத எந்த மாடும் இழுக்கும்டா. எல்லாரும் சேந்து இழுக்காம நிக்கணும். அவன்தான்டா கலாசி" என்பார் மேஸ்திரி.

இப்படியே ஒன்றிரண்டு வருஷம் போனதில் எங்களுக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. டீக்கடையில் ஒருத்தன் கிளாஸைத் தூக்கினால் ஆறு கிளாஸும் எழும்பும். ஒருத்தன் கொட்டாவி விட்டால் ஆறு வாயும் திறக்கும். பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போது ஆறு பேரும் இடது காலைத்தான் முதலில் வைப்போம். டீக்கடைக்காரர் ஒரு நாள் கேட்டேவிட்டார், "யோவ், நீங்க ஆறு பேரா, இல்ல ஒரே ஆளு ஆறு தபா தெரியறீங்களா?"

ஒரு தடவை பெரிய பாய்லர் ஒன்றை ரோட்டிலேயே இழுத்துப்போக வேண்டி வந்தது. வழியில் இருந்த சின்னப் பாலம் லாரி பாரத்தைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் வயல். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வரப்பில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மேஸ்திரி "தம் கட்டு" என்றார். கட்டினோம். பொடி டப்பியைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வயலிலிருந்து ஒரு பெண் குரல், நல்ல கணீர்க் குரல், "ஐலசா!" என்று விட்டது.

இழுத்துவிட்டோம்.

பாய்லர், அடியில் போட்டிருந்த குழாய்கள் மேல் உருண்டு போய் வயல் ஓரத்தில் மூக்கைச் சொருகியது. மேஸ்திரியின் பொடி மூக்குக்குப் பதிலாகக் கண்ணுக்குள் போனது. வரப்பில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது.

"பொம்பள கொரலுக்கும் என் கொரலுக்கும் வித்தியாசம் தெரியலியாடா, பேமானிங்களா!" என்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினார் மேஸ்திரி.

தெரியும். காதுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியாது. காது போய்க் கையிடம் சொல்வதற்குள் கை வேலையை முடித்துவிடுகிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பஜ்ஜிக்கு வருகிறேன்.

எனக்கு அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமன் வரதனும்தான். வரதன் மாமா ரயில்வே கேட் போடுகிறவர். வருகிறவன் போகிறவன் எல்லாரையும் நிறுத்தி வைத்தே பழகியவர். மாட்டு வண்டிக்காரன் கெஞ்சுவான், பால்காரன் கெஞ்சுவான். "ரயிலு வரட்டும், ரயிலு வரட்டும்" என்று பீடியைப் பற்ற வைப்பார். அவருக்கு எதிலுமே அவசரம் ஆகாது. என் கல்யாணத்திலும் அப்படித்தான்.

மாமா கையில் இரண்டு இடம் இருந்தது. ஒன்று திருவள்ளூர் பக்கம், ரைஸ் மில் வைத்திருக்கிறவர் வீட்டுப் பெண். ஒரே பெண். இன்னொன்று பொன்னேரி தாண்டி ஒரு கிராமம், கொஞ்சம் நெல் வயல் உள்ள குடும்பம். மாமாவுக்கு ரைஸ் மில் மேல்தான் கண்ணு. எனக்கு மட்டும் என்னவாம்? ராத்திரி படுத்தால் நான் மில்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடும். எவனோ மூட்டை தூக்குவான். நான் "டேய், பாத்துத் தூக்கு" என்பேன். (என் வாழ்நாளிலேயே நான் பார்த்த நல்ல கனவு அது. அந்த ஃபேனின் சத்தம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.)

"அப்போ அந்த பொன்னேரி ஊடு?" என்று கேட்டாள் அம்மா.

"ஏற்கெனவே வர்றேன்னு சொல்லித் தொலச்சிட்டேன்க்கா. போவலன்னா மரியாத இல்ல. சும்மா ஒப்புக்கு ஒரு பார்வ பாத்துட்டு வந்துடலாம். அடுத்த வாரம் மில்லுக்காரர் ஊடு" என்றார் மாமா.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுன்றாங்கடா."

"நல்ல பொண்ணுதான். வாயி கொஞ்சம் நீளமாம். போன தபா வந்த மாப்ளகிட்ட, 'உனக்கு ஏரு புடிக்கத் தெரியுமா'ன்னு கேட்டுச்சாம். இதுவரிக்கும் போன மாப்ள ஊட்டுக்காரங்க யாரும் கை நனைக்கல. நாமளும் நனைக்காம வந்தா ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டாங்கோ, பழகியிருக்கும்."

கை நனைப்பது என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரம் வைப்பார்கள். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம், பேச்சு முடிந்தது. பிடிக்கவில்லையா, வாயைத் திறந்து சொல்ல வேண்டாம். தட்டைத் தொடாமல் எழுந்து வந்தால் போதும். கை நனைத்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்று சொன்னவனுக்கு அந்தப் பக்கத்தில் எந்த ஊரிலும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

அம்மா, மாமா, நான். மூன்று பேராகப் போனால் ஆகாது என்றார்கள். கூட ஒரு ஆள் வேண்டும். முனுசாமியைக் கூப்பிட்டேன். முனுசாமியைக் கூப்பிட்டால் முனுசாமி மட்டும் வருவானா? ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். மேஸ்திரி மட்டும் வரவில்லை. கண்ணில் பொடி போன கோபம் இன்னும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ். பஸ் போய்விடும் என்று மாமா யாரையும் நாஷ்டா தின்ன விடவில்லை. பஸ்ஸிலேயே சட்டம் போட்டார்.

"எவனும் தட்டத் தொடக்கூடாது. நான் துண்ட ஒதறித் தோள்ல போடுவேன். உடனே எல்லாரும் எழுந்துக்கணும். புரிஞ்சுதா?"

"காபி, மாமா?" என்றான் முனுசாமி.

"தொடக்கூடாது."

"தண்ணி?"

"தண்ணியும்தான்."

முனுசாமி கொஞ்ச நேரம் யோசித்தான். "வாசன புடிச்சிக்கலாமா?"

"டேய் ஏழுமல, இவன எதுக்குடா இட்டாந்த?" என்று மாமா என் பக்கம் திரும்பினார்.

பெண் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டிருந்தார்கள். நாங்கள் ஆறு பேரும் சுவரோரமாக வரிசையாகக் குந்தினோம். பெண் வந்தது. பேர் பவுனு. ஒவ்வொருத்தர் முன்னாலும் தட்டு வைத்தது. வாழைக்காய் பஜ்ஜி, பக்கத்தில் நெய் மினுக்கும் கேசரி. நான் அந்தக் கையைப் பார்த்தேன். என் கையைவிட அகலமாக, காய்ப்புக் காய்த்திருந்தது. மில்லுக்காரர் பெண்ணுக்கு இப்படிக் கை இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். (துரை அப்படி நினைத்தார்! துரையின் கை அப்போது எப்படி இருந்தது தெரியுமா? செருப்புத் தைக்க வாங்கிப் போட்ட தோல் மாதிரி.)

போகும்போது அந்தப் பெண் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது. என்னை இல்லை. வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆறு பேரையும் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. வெட்கம் என்று நினைத்தேன்.

பெண்ணின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நல்ல மனிதர். "சாப்புடுங்க... சும்மா கொஞ்சமா... தம்பி, எடுத்துக்கோங்க" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கெஞ்சினார்.

"ஆவட்டும், ஆவட்டும்" என்றார் மாமா. கேட் சாத்திவிட்ட குரல்.

காலையிலிருந்து வெறும் வயிறு. பஜ்ஜி வாசனை மூக்கில் ஏறி மண்டைக்குள் நடக்கிறது. ஆறு பேரும் அசையாமல் பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு தொண்டையும் ஒன்றாக எச்சில் முழுங்கின. தூணுக்குப் பின்னால் நின்றிருந்த பெண்ணின் அத்தை, கூட இருந்தவளிடம் சொன்னது எங்களுக்கே கேட்டது.

"இன்னாடி இது, ஆறு பேரும் ஒரே மாதிரி மூச்சு வுடறாங்கோ? எங்கனா சாமியார் மடத்துலேர்ந்து வந்திருக்காங்களா?"

மேஸ்திரி இல்லாத கலாசிக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை. காது சும்மா இருக்காது. யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று திறந்து வைத்த கதவு மாதிரி இருக்கும். மாமா சொன்ன "தொடக்கூடாது" எங்கள் மண்டையில்தான் இருந்தது. கைக்கு அது போய்ச் சேரவில்லை. கைக்கு மாமா பாஷை தெரியாது.

மாமா தொண்டையைக் கனைத்தார். மடியில் இருந்த துண்டை எடுத்தார். பெண்ணின் அப்பா அந்தத் துண்டையே பார்த்தார். அவருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. இதற்கு முன்னால் வந்தவர்களும் இப்படித்தான் எதையாவது உதறியிருப்பார்கள். அவர் முகம் விழுந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மாமா துண்டை விரித்தார்.

அப்போது பின்கட்டிலிருந்து ஒரு குரல். நல்ல கணீர்க் குரல்.

"தம் கட்டு..."

ஆறு முதுகும் நிமிர்ந்தது. ஆறு மார்பும் ரொம்பியது. எங்கேயோ கேட்ட குரலாயிற்றே என்று என் காது யோசிக்க ஆரம்பித்தது. முடிப்பதற்குள்,

"ஐலசா!"

ஆறு கை, ஆறு பஜ்ஜி, ஆறு வாய்.

மாமாவின் துண்டு அந்தரத்தில் நின்றுவிட்டது. கூடத்தில் மென்கிற சத்தம் மட்டும்தான். நானும் மெல்லுகிறேன், மாமாவையும் பார்க்கிறேன். துப்பவா, முழுங்கவா? ஒரு வேலையைப் பாதியில் விடக்கூடாது என்று மேஸ்திரி சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"இன்னோரு தபா... ஐலசா!" என்றது குரல்.

இரண்டாவது பஜ்ஜி போனது.

"டேய்! டேய்! நிறுத்துங்கடா!" என்று மாமா எழுந்தே விட்டார். நிறுத்துங்கடா என்பது எங்கள் நாலு சொல்லில் இல்லை.

"இன்னும் கொஞ்சம்... ஐலசா!"

கேசரி.

"புடி, புடி, புடி..."

தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டோம்.

"எறக்கு."

ஆறு தட்டும் ஒரே 'டங்'கென்று தரையில் இறங்கியது. அத்தனையும் காலி. முனுசாமி தட்டில் மட்டும் வழித்த விரல் அடையாளம் இருந்தது.

"கை நனைச்சிட்டாங்கோ!" என்று அத்தை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "அண்ணே, ஒருத்தரு இல்ல, ஆறு பேரும் நனைச்சிட்டாங்கோ!"

மாமா விடவில்லை. "பசங்க பசி... தெரியாம... இதுல ஒண்ணும் அர்த்தம் இல்ல..."

"கை நனைச்சப்பறம் தெரியாம இன்னா, தெரிஞ்சி இன்னா?" என்றாள் அத்தை. "மாப்ள கையப் பாருங்க. முழங்கை வரிக்கும் எண்ணெ வழியுது."

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் கையா இது? ரைஸ் மில்லும் நாற்காலியும் ஃபேனும் அதன் வழியாக எண்ணெயாக வழிந்துகொண்டிருந்தது.

மாமா கடைசியாக அம்மா பக்கம் திரும்பினார். "யக்கா, நீயாவது சொல்லேன்."

அம்மா தன் தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்தாள். அவளுக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. நிதானமாகக் கடித்தாள், மென்றாள், முழுங்கினாள்.

"நல்லாத்தான் இருக்குது, வரதா. நீயும் ஒண்ணு எடுத்துக்கோ" என்றாள்.

பெண்ணின் அப்பா மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பின்கட்டுக் குரல் என்னவென்று யாரோ கேட்டதற்கு, "நெல்லு அவிக்கிற அண்டாவ எறக்கினாங்கோ. பொண்ணு குரல் குடுத்தாத்தான் இங்க எதுவும் நகரும்" என்றாள் அத்தை.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு கோதண்டம் மேஸ்திரி வடத்தின் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். கண் கோபம் போய்விட்டது. "தாலிக்கு நான்தான்டா குரல் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னபடி மணவறைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். நான் தாலியைக் கையில் எடுத்தேன். "தம் கட்டு" என்றார். "ஐலசா!" நான் முடிச்சுப் போட்டேன். சுற்றி நின்ற ஐந்து பேரும் வெறும் காற்றில் ஆளுக்கு மூன்று முடிச்சுப் போட்டார்கள். மாமா பந்தியில் சாப்பிட மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பவுனு தானே போய் இலை போட்டு, பஜ்ஜி வைத்தது. "மாமா, இப்போ தொடலாம், கேட்டத் தெறந்தாச்சு" என்றது. அந்த மனிதர் அன்றைக்குச் சிரித்ததுதான் நான் பார்த்த முதல் சிரிப்பு.

ரைஸ் மில்லுக்கு வேறு எவனோ மாப்பிள்ளையானான். அவனுக்கு ஃபேன் கிடைத்ததா தெரியாது. நான் கடைசிவரை வடம்தான் இழுத்தேன்.

ரொம்ப வருஷம் கழித்து, முனுசாமி மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். பஜ்ஜி வைத்தார்கள். அதைப் பார்த்ததும் முனுசாமி, "ஏழுமல, உன்கிட்ட ஒண்ணு சொல்லல" என்றான். "அன்னிக்கு நான் பின்னால கை அலம்பப் போனேன்ல? அண்டா கவுத்து வெச்சிருந்துச்சுடா. அடுப்புல சாம்பல்கூட இல்ல. அந்தப் பொண்ணு சும்மா கதவு சந்துல நின்னுக்கினு இருந்துச்சு."

"அடப்பாவி! அப்பவே ஏன்டா சொல்லல?"

"பஜ்ஜி நல்லா இருந்துச்சுடா."

வீட்டுக்கு வந்து பவுனைக் கேட்டேன். வரப்புல நின்னு குரல் குடுத்ததும் நீதானா என்றும் கேட்டேன். பவுனு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தது. முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "தொடாத தட்டெல்லாம் திரும்பி உள்ள வரும் பாரு. வாங்கி வெக்கறது யாரு? நான்தான். கேசரிய வழிச்சி மாட்டுக்குப் போடறதும் நான்தான்" என்றது. அவ்வளவுதான் சொன்னது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்க முடியாது. எத்தனை பெரிய சண்டையாக இருந்தாலும் சரி, சமையல்கட்டிலிருந்து "தம் கட்டு" என்று ஒரு குரல் வரும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கதவோரம் வந்து நிற்கும். "ஐலசா!" என் கை தட்டுக்குப் போய்விடும்.

போன வாரம் டாக்டர் சர்க்கரை டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். காலையில் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக்கூடாதாம். மூளை சமாச்சாரம் படித்த என் மகள், நான் எதையும் தொடாமல் இருக்க எதிரிலேயே காவல் உட்கார்ந்தாள். அவள் முன்னால் தட்டில் இட்லி. நான் கலாசி இல்லையா, இழுக்காமல் நிற்கத் தெரியாதா? கையை மடியில் வைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே பவுனும் மருமகளும் கேஸ் சிலிண்டரை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தம் கட்டு... ஐலசா!"

மகள் "நைனா!" என்று கத்துவதற்குள் இட்லி போய்விட்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டு போனை எடுத்தாள், லேபுக்கு இன்றைக்கு வரவில்லை என்று சொல்ல. பவுனு கையைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றது. இவ்வளவு வயதுக்கு அப்புறம் இதற்கும் பதில் சொல்லாவிட்டால் எப்படி என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏய் பவுனு, நெசமா சொல்லு. இப்போ உள்ள சிலிண்டரு இருக்குதா, இல்லியா?" என்றேன். இட்லி வாயில் இருந்ததால் பாதிதான் வெளியே வந்தது.

பவுனு என்னை மேலும் கீழும் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டது.

"மொதல்ல வாயில இருக்கறத முழுங்குய்யா" என்றது.

முழுங்கினேன். பவுனுக்குப் பின்னாலேயே கதவோரம் வந்து நின்ற மருமகளும், போனைக் காதில் வைத்திருந்த மகளும், என்னோடு சேர்ந்தே முழுங்கினார்கள்.